எல்லைக்கோட்டில் ஒரு பள்ளிக்கூடம் தேடி
வீடு அத்திபெலேயிலா, ஓசூரிலா? வாடகையைவிடப் பெரிய கணக்குகள் இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கின்றன.

வீட்டுத் தரகருக்கு அவசரம். "தண்ணி இருக்கு சார், லிஃப்ட் இருக்கு, டோலுக்கு இந்தப் பக்கம். வேற என்ன வேணும்?" என்றார். பெங்களூரிலிருந்து 30, 35 கிலோமீட்டர் தூரத்தில், தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் அத்திபெலே அடுக்குமாடி ஒன்றின் மூன்றாவது மாடி. பால்கனியில் நின்றால் ஒரு பக்கம் கர்நாடகத்தின் கடைசிக் கடைகள். அந்தப் பக்கம் ஜூஜூவாடி, அதாவது தமிழ்நாடு. எனக்கு வேண்டியதை அவரிடம் கேட்டுப் பயனில்லை. ஆறாம் வகுப்பில் சேரப்போகும் என் மகள் எங்கே, எந்த மொழியில் படிப்பாள் என்பதுதான் அது.

என் மனைவிக்குச் சேலத்திலிருந்து பொம்மசந்திராவில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு மாற்றல். மொழிபெயர்ப்பாளனுக்கு ஊர் ஒரு பொருட்டில்லை. மேஜையும் அகராதியும் இருந்தால் போதும். எனவே வீடு மனைவியின் வேலையையும் மகளின் பள்ளியையும் பார்த்து அமைய வேண்டும். அத்திபெலேக்கும் ஓசூருக்கும் இடையே பத்து கிலோமீட்டருக்கும் குறைவு. இரண்டும் ஒரே ஊரின் இரண்டு வார்டுகள் போலத்தான் தெரியும், பள்ளிச் சேர்க்கைப் படிவத்தைக் கையில் எடுக்கும்வரை.

அமெரிக்காவில் வீடு வாங்குபவர்கள் முதலில் கேட்பது அது எந்தப் பள்ளி மாவட்டத்தில் வருகிறது என்பதைத்தான். அங்கே பள்ளிக்கான பணத்தில் பெரும் பங்கு அந்த வட்டாரத்துச் சொத்து வரியிலிருந்து வருகிறது. நல்ல பள்ளி இருக்கும் பகுதியில் வீட்டு விலையும் ஏறிவிடும். சிங்கப்பூரில் முதல் வகுப்புச் சேர்க்கையில் பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கு முன்னுரிமை. நம் நாட்டில் அப்படி எதுவும் கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். உண்டு. 2009ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டில் வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கர்நாடகத்தில் கணக்கு கிராமத்தையும் வார்டையும் வைத்து. 2019ல் அங்கே விதி மாறியது. அருகில் அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளியில் இந்த ஒதுக்கீடு இல்லை.

வயதுகூட எல்லை தாண்டினால் மாறுகிறது. தமிழ்நாட்டில் ஐந்து வயது நிறைந்தால் ஒன்றாம் வகுப்பு. கர்நாடகம் ஆறு நிறைய வேண்டும் என்று 2022ல் உத்தரவிட்டது. பெற்றோர் எதிர்த்ததும் 2025-26க்கு மட்டும் 5 வயது 5 மாதம் என்று இறங்கி வந்தது. ஜூஜூவாடியில் இருந்தால் பள்ளிக்குப் போகும் குழந்தை, சாலையில் சற்று வடக்கே தள்ளிப் பிறந்திருந்தால் வீட்டில் இருக்கும்.

எங்கள் மகள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள். எங்களைப் பயமுறுத்தியது வேறொரு எண்: ஏழு. கர்நாடகத்தின் பொது நுழைவுத் தேர்வு மூலம் தொழிற்கல்வியில் அரசு இடம் பெற, ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் பியூசிக்கும் இடையே அந்த மாநிலத்தில் குறைந்தது ஏழு ஆண்டுகள் படித்திருக்க வேண்டும் என்பது பொதுவான வழி. ஆறு முதல் பன்னிரண்டு வரை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். சரியாக ஏழு. இந்த ஜூனில் ஓசூரில் சேர்த்துவிட்டு அடுத்த ஜூனில் அத்திபெலேக்கு மாற்றினால் ஆறுதான் தேறும். அந்தக் கதவு மூடிவிடும். தமிழ்நாட்டுக் கதவு அவ்வளவு கறார் இல்லை. வெளி மாநிலத்தில் படித்தாலும் இருப்பிடச் சான்றிதழ் காட்டி இந்த மண்ணைச் சேர்ந்தவர் என்று விண்ணப்பிக்கலாம். ஆனால் மருத்துவத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டுமே. மறுபடியும் அதே ஏழு வகுப்புகள்!

சாதிச் சான்றிதழ் இன்னொரு சிக்கல். பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சேலத்தில் கிடைத்த சான்றிதழைக் கர்நாடகத்தில் நீட்டினால் பொதுப் பிரிவில் உட்காரச் சொல்வார்கள். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இதே கதிதான். ஒரு மாநிலத்தில் பெற்ற அந்தஸ்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயரும்போது கூடவே வராது என்று உச்ச நீதிமன்றம் 1990லேயே தீர்ப்பளித்துவிட்டது. தினக்கூலிக்கு எல்லை தாண்டி வந்து தங்கிவிடும் தருமபுரி, கிருஷ்ணகிரிக் குடும்பங்களுக்கு இதன் விலை என்னவென்பது, பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போதுதான் தெரியவருகிறது. வீடு பார்க்கும்போது தரகர் இதைச் சொல்வதில்லை. பள்ளிகளும் சொல்வதில்லை.

ராஜாஜிக்கு இந்தத் தலைவலி இருக்கவில்லை. 1878ல் தொரப்பள்ளியில் பிறந்தவர் ஓசூரில் பள்ளிப் படிப்பு, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பட்டப்படிப்பு, பிறகு சென்னையில் சட்டம் என்று போனார். ஓசூர் அன்று சென்னை மாகாணம், பெங்களூர் மைசூர் சமஸ்தானம். நீ எந்த ஊர்க்காரன், எத்தனை ஆண்டு இங்கே படித்தாய் என்று கேட்கும் படிவங்கள் பின்னால் வந்தவை.

இனி மொழி. 1956ல் மொழிவாரி மாநிலம் அமைந்தபோது கோடு போட்டார்கள். மக்கள் கோட்டைப் பார்த்து வசிக்கவில்லை. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகள். அந்த மொழிகளில் கற்பிக்கும் அரசுப் பள்ளிகளும் உண்டு. 2006ல் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் கொண்டுவந்தபோது முதலில் தவித்தவர்கள் அவர்கள்தான். நீதிமன்றப் படிகள் ஏறி விலக்குப் பெற்றார்கள். 2023லும் உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு விலக்கை நீட்டித்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் 2015ல் கன்னட மொழி கற்றல் சட்டம் வந்தது. கன்னடம் முதல் அல்லது இரண்டாம் மொழியாகக் கட்டாயம். தொடக்க வகுப்புகளில் தாய்மொழி அல்லது கன்னடம்தான் பயிற்று மொழி என்று கர்நாடகம் 1994ல் போட்ட உத்தரவு செல்லாது என்று 2014ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பயிற்று மொழியைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒரு பாடமாகக் கன்னடத்தைப் படித்தே ஆகவேண்டும்.

அது நியாயம்தான். ஒரு மாநிலத்தில் வாழ்ந்துகொண்டு அதன் மொழி வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. சிக்கல் நடைமுறையில். ஐந்து ஆண்டுகள் கன்னடம் படித்த பிள்ளைகளோடு ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு தெரியாத என் மகள் ஆறாம் வகுப்பில் உட்கார வேண்டும். தமிழ்? கர்நாடக பத்தாம் வகுப்புத் தேர்வில் தமிழை முதல் மொழியாக எழுத ஏட்டளவில் வழி இருக்கிறது. நான் ஏறி இறங்கிய நான்கு பள்ளிகளில் தமிழாசிரியர் யாரும் இல்லை. ஒரு பள்ளியில் ஃபிரெஞ்சு இருக்கிறது என்றார்கள், ஆறுதலாக. தமிழில் முதுகலை படித்து, பிற மொழிகளிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்து பிழைக்கிறவனின் மகள், அப்பாவின் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலை வரும். அந்த இரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அத்திபெலேயில் குடியிருந்துகொண்டு ஓசூர் பள்ளிக்கு அனுப்பலாமே? கேட்டேன். பள்ளி வண்டி எல்லை தாண்டி வராது என்றார்கள். வேற்று மாநிலத்துக்குள் தினமும் போய்வர பெர்மிட், வரி என்று பல தொல்லைகள். நாமே கொண்டுவிட்டால்? சாதாரண நாளில் சரி. 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தின்போது பேருந்துகள் எல்லையோடு நின்றன. பெட்டியும் கைக்குழந்தையுமாக மக்கள் அத்திபெலேக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே நடந்தார்கள். 2020ல் கொரோனா ஊரடங்கில் அதே இடத்தில் இ-பாஸ் கேட்டார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட பதினோரு வயதுப் பெண் என்ற காட்சியை என் மனைவி ஒரு வாக்கியத்தில் சொன்னார். அதோடு அந்த யோசனை முடிந்தது.

ஓசூரில் குடியேறினால் மனைவிக்கு தினமும் டோலும் நெரிசலும். மாலையில் எல்லைச் சாவடி அருகே லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் வரும் பெண்களைப் பார்த்த யாருக்கும் அந்த யோசனையின் கனம் புரியும். மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் திறந்தது. அது பொம்மசந்திராவோடு முடிந்துவிடுகிறது.

கடைசியில் அத்திபெலேதான். ஏழாண்டுக் கணக்கு ஜெயித்தது என்று சொல்லலாம். மனைவியின் இரண்டு மணி நேரம் ஜெயித்தது என்றால் இன்னும் சரி. பக்கத்து வீட்டு கன்னட அம்மாள் மாலையில் ஒரு மணி நேரம் எழுத்து சொல்லித் தருகிறார். பணம் வாங்க மறுத்துவிட்டார். பதிலுக்கு அவர் பேரனுக்கு நான் ஆங்கில இலக்கணம். இரவு ஒன்பதிலிருந்து தமிழ் என் பொறுப்பு. சனிக்கிழமைகளில் சுணங்குகிறாள். கடைத்தெருவில் மட்டும் இரண்டு மொழிப் பலகைகளையும் சத்தமாகப் படிக்கிறாள், தப்பு இருந்தால் சிரிக்கிறாள். முதல் பருவத் தேர்வில் கன்னடத்தில் நூற்றுக்கு 23. ஆசிரியை திட்டவில்லை, நோட்டில் ஏதோ எழுதியிருந்தார். எனக்குப் படிக்கத் தெரியவில்லை. மகள்தான் படித்துச் சொன்னாள். வீட்டு ஒப்பந்தம் 11 மாதம். ஏப்ரலில் வாடகையை ஏற்றப்போவதாக வீட்டுக்காரர் இப்போதே சொல்லிவிட்டார்.