எத்தனை கிலோவுக்கு எவ்வளவு துணி?

தில்லியில் வசிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டைத் தெரியாமல் இருக்காது. முருங்கைக்காய், வாழையிலை, கறிவேப்பிலை, மீன் என்று ஊர்ச் சாமான் எதைத் தேடினாலும் அம்மா அங்கேதான் கூட்டிப்போவார். எந்தக் கடையில் நின்றாலும் முதல் கேள்வி, ‘எத்தனை கிலோ?’

அந்த மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே சஃப்தர்ஜங் விமான நிலையம் இருக்கிறது. 1929-ல் தொடங்கிய அதற்கு முன்பு வில்லிங்டன் விமானத்தளம் என்று பெயர். இப்போது அங்கே பயணிகள் விமானம் வருவதில்லை. அதற்கு எதிரில், அரவிந்தோ மார்க் சாலையில், டி.ஜி.சி.ஏ. அலுவலகம். நாட்டில் சிவில் விமானங்கள் எப்படிப் பறக்க வேண்டும் என்று விதி வகுப்பது இந்த அலுவலகம்தான். விமானத்திலிருந்து பாராசூட் கட்டிக்கொண்டு விளையாட்டாகக் குதிக்க வேண்டுமா? அதற்கும் இங்கேதான் அனுமதி வாங்க வேண்டும்.

வானத்தில் குதிக்கும் இந்த விளையாட்டுக்கு ஸ்கைடைவிங் என்று பெயர். ‘அடேயப்பா, எவ்வளவு தைரியம்!’ என்றுதான் நமக்குத் தோன்றும். தைரியம் வேண்டும்தான். ஆனால் குதிக்கிறவரைத் தரையில் பத்திரமாக இறக்கிவிடுவது ஒரு வகுத்தல் கணக்கு. அதுவும் கிலோவில்தான் தொடங்குகிறது.

உடம்பே ஒரு பிரேக்

ஸ்கைடைவர்கள் சாதாரணமாக 13,000 அடி, அதாவது சுமார் 4 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதிப்பார்கள். குதித்ததும் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது; வேகம் கூடிக்கொண்டே போகிறது. எதிரே இருக்கும் காற்று சும்மா இருக்குமா? தடுக்கிறது. வேகம் கூடக்கூடத் தடுப்பும் கூடும். ஏறக்குறைய 12 வினாடியில் இழுப்பும் தடுப்பும் சமமாகிவிடும். அதற்குப் பிறகு வேகம் கூடாது. இதற்கு முற்றுத் திசைவேகம் என்று பெயர்.

வயிறு தரையைப் பார்க்க, கைகால்களை விரித்து விழுந்தால் அந்த வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். தலைகீழாகக் குத்திட்டு விழுந்தால் 250-ஐத் தாண்டிவிடும். ஆள் அதே ஆள், எடையும் அதே எடை. காற்றில் படும் பரப்பு குறைந்தது, வேகம் ஏறியது. பரப்பை நிறைய கூட்டினால் வேகம் நிறைய இறங்கும் அல்லவா? அதற்குத்தான் முதுகில் துணி மூட்டை!

வட்டத் துணியும் இறக்கைத் துணியும்

1797 அக்டோபர் 22 அன்று, பாரிஸ் நகரில் ஆந்த்ரே ஜாக் கார்னரின் என்பவர் பலூனில் ஏறிப்போய் பட்டுத்துணிப் பாராசூட்டில் இறங்கினார். பாராசூட் பயங்கரமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. உள்ளே சிக்கிய காற்று வெளியேற வழி தெரியாமல் ஒவ்வொரு ஓரமாகப் பிதுங்கியதுதான் காரணம். பிறகு உச்சியில் ஓர் ஓட்டை போட்டார்கள். காற்று நடுவழியாக வெளியேறியது, ஆட்டம் அடங்கியது.

வட்டப் பாராசூட்டின் வேலை தடுப்பது மட்டும்தான். காற்று தள்ளுகிற பக்கம் போகும். இன்றைய ஸ்கைடைவர்கள் பயன்படுத்துவது வேறு வகை: நீள்சதுரமாக இருக்கும். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் அறை அறையாகத் தடுப்புகள். முன்பக்கம் வாய் திறந்திருக்கும், பின்பக்கம் மூடித் தைத்திருக்கும். முன்னால் போகும்போது வாய் வழியாகக் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். துணி விறைத்து விமான இறக்கை போல ஆகிவிடும். 1960-களில் அமெரிக்காவில் டொமினா ஜால்பர்ட் என்ற பட்டம் செய்பவர் உருவாக்கிய யோசனை இது. இறக்கை என்பதால் மேல்தூக்கு விசையும் கிடைக்கும், நினைத்த பக்கம் திரும்பவும் முடியும்.

விரிந்த இந்தத் துணிக்கு ஸ்கைடைவர்கள் சொல்லும் பெயர் கேனபி. பெரும்பாலும் ஏழு அறை அல்லது ஒன்பது அறை. ஒன்பது அறைக் கேனபி அகலமாக இருக்கும். நெடுந்தூரம் வழுக்கிக்கொண்டு போகும். ஏழு அறைக் கேனபி கொஞ்சம் சாது; சொன்ன இடத்தில் குறிபார்த்து இறங்க வசதி. முனைகள் குறுகி நீள்வட்டமாக இருக்கும் கேனபிகளும் உண்டு. அவை தொட்டால் திரும்பும். கைதேர்ந்தவர்கள் மட்டும் தொடலாம்!

அந்த வகுத்தல் கணக்கு

கேனபியின் பரப்பைச் சதுர அடியில் சொல்வார்கள். குதிப்பவரின் எடையைப் பவுண்டில் எடுத்துக்கொள்வார்கள். 1 கிலோ என்பது ஏறத்தாழ 2.2 பவுண்டு. எடையைப் பரப்பால் வகுத்தால் வருவது விங் லோடிங், அதாவது ஒவ்வொரு சதுர அடித் துணியும் சுமக்கும் பாரம்.

60 கிலோ எடையுள்ள ஓர் அக்கா குதிக்கப் போகிறார். முதுகுப் பை, ஹெல்மெட், உடை எல்லாம் சேர்த்து இன்னும் 15 கிலோ. ஆக 75 கிலோ, 165 பவுண்டு.

230 சதுர அடிக் கேனபி எடுத்தால்: 165 ÷ 230 = 0.72
165 சதுர அடி எடுத்தால்: 165 ÷ 165 = 1.0
110 சதுர அடி எடுத்தால்: 165 ÷ 110 = 1.5

புதிதாகக் கற்பவருக்கு 1.0-ஐத் தாண்டக்கூடாது; அதைவிடக் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. 0.72 என்றால் மெதுவாக இறங்கும். கயிற்றைத் தப்பாக இழுத்தாலும் சுதாரித்துக்கொள்ள நேரம் கிடைக்கும். 1.5 என்றால் சுமார் ஒன்றரை மடங்கு வேகம்; சின்னத் தப்பும் பெரிய தப்பாகிவிடும்.

பாரம் இரண்டு மடங்கு ஆனதே, வேகமும் இரண்டு மடங்கு ஆக வேண்டாமா என்று கேட்கிறீர்களா? ஆகாது. காற்றின் தடுப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதனால் பாரம் இரண்டு மடங்கு ஆனால் வேகம் 1.4 மடங்குதான் ஆகும். நான்கு மடங்கு பாரம் ஏற்றினால்தான் வேகம் இரண்டு மடங்கு.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. ஒல்லியான ஒருவருக்கு 1.0 கணக்குப்படி 120 சதுர அடி போதும் என்று விடை வரலாம். அப்படியும் பயிற்சியாளர் அதைக் கொடுக்க மாட்டார். சின்னக் கேனபிக்குக் கயிறுகளும் குட்டை. குட்டைக் கயிற்றில் தொங்கினால் ஒரு சின்னத் திருப்பத்துக்கே ஆள் சட்டென்று சுழன்றுவிடுவார். கணக்கில் ஒரே விடை வந்தாலும் வானத்தில் சின்னக் கேனபியும் பெரிய கேனபியும் ஒன்றல்ல.

காற்றின் அடர்த்தியும் கணக்கில் வரும். தில்லியின் மே மாத வெயிலில் காற்று விரிந்து இலேசாகிவிடும். அதே கேனபி கொஞ்சம் வேகமாக இறங்கும். ஜனவரிக் குளிரில் காற்று அடர்த்தி, இறக்கம் மெதுவாகும். ஆனால் ஜனவரியில் மூடுபனி. தரை தெரியவில்லை என்றால் குதிக்க விடமாட்டார்கள்!

செய்து பாருங்கள்

தேவை: கிழிந்துபோன குடைத்துணி, நூல்கண்டு, ஒரே அளவுள்ள நான்கு எலுமிச்சம்பழம், மார்க்கெட்டில் தருகிற துணி போன்ற கேரிபேக் ஒன்று.

முதலில் துணிகளைச் சோதியுங்கள். கேரிபேக்கை வாயோடு ஒட்டவைத்து ஊதுங்கள். காற்று அந்தப் பக்கம் போகிறதா? குடைத்துணியிலும் ஊதிப் பாருங்கள். எது காற்றை விடவில்லையோ அதுதான் பாராசூட்டுக்கு ஏற்றது. இன்றைய கேனபிகளில் பெரும்பாலானவை காற்றே புகாதபடி பூச்சு பூசிய நைலான்.

மழைக்கோட்டு, கூடாரத் துணி ஏதாவது வீட்டில் இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலவற்றில் குட்டிக் குட்டிக் கட்டங்கள் தெரியும். சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை தடித்த நூல் ஓடும். அதற்கு ரிப்ஸ்டாப் நைலான் என்று பெயர். ஓரிடத்தில் கிழிந்தால் கிழிசல் அடுத்த தடித்த நூலில் முட்டி நின்றுவிடும். கேனபி தைப்பது இந்த வகைத் துணியில்தான்.

இப்போது குடைத்துணியை 60 செ.மீ. சதுரமாக வெட்டி, நான்கு மூலையிலும் ஒரே நீளத்தில் நூல் கட்டி, நூல்களின் முனையில் ஒரு பழத்தைக் கட்டுங்கள். பெரியவர் ஒருவர் மாடியிலிருந்து விடட்டும். நீங்கள் கீழே நின்று நேரத்தைக் குறியுங்கள். பிறகு நான்கு பழங்களைச் சேர்த்துக் கட்டி விடச் சொல்லுங்கள். வேகம் சரியாக இரண்டு மடங்கு வராது, கொஞ்சம் குறையும். ஏன் தெரியுமா? துணிக்கும் எடை உண்டே! அதையும் பழத்தோடு சேர்த்து நிறுத்துக் கணக்குப் போடுங்கள்.

ஒரு கண்டிப்பு: குடையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் குதிக்கவே கூடாது. ஒரு மீட்டர் அகலக் குடை 30 கிலோ பிள்ளையைச் சுமந்தால், அது தாங்கிப்பிடிக்கும் வேகமே மணிக்கு 80 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். மாடியிலிருந்து விழும்போது அவ்வளவு வேகம் வருவதற்குள் தரை வந்துவிடும். அதாவது குடை இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். ஸ்கைடைவிங்குக்கு வயது வரம்பு உண்டு என்பதையும் மறக்காதீர்கள்.

முதுகில் என்னென்ன?

முதுகுப் பையில் இரண்டு பாராசூட் இருக்கும். ஒன்று மெயின், இன்னொன்று ரிசர்வ். மெயினைப் பெரும்பாலும் அவரவரே மடிப்பார்கள். ரிசர்வை மடிக்க ரிக்கர் என்ற சான்றிதழ் பெற்ற ஆள் வேண்டும். மடித்து முத்திரை வைத்துத் தேதியும் எழுதிவிடுவார். அமெரிக்க விதிப்படி 180 நாளுக்கு ஒருமுறை, திறக்காமலே இருந்தாலும், பிரித்துப் பார்த்து மறுபடி மடிக்க வேண்டும்.

மெயினைத் திறக்க, பைலட் சூட் என்ற கைக்குட்டைப் பாராசூட்டைப் பக்கவாட்டில் எறிய வேண்டும். காற்று அதைப் பிடித்து இழுக்க, அது பெரியதை இழுத்துக்கொண்டு வரும். 200 கிலோமீட்டர் வேகத்தில் துணி பட்டென்று விரிந்தால் உடம்பும் தாங்காது, கயிறும் தாங்காது. அதற்காகவே ஸ்லைடர் என்ற சின்னச் சதுரத் துணி இருக்கிறது. நான்கு மூலையிலும் வளையம். கயிறுகள் அதற்குள் ஓடும். முதலில் அது கேனபிக்கு அடியில் நின்று கயிறுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். காற்று கேனபியை விரிக்க விரிக்க மெதுவாகக் கீழே வழுக்கி வரும். அதனால் விரிவதற்கு மூன்று நான்கு வினாடி ஆகும்.

மெயின் சிக்கிக்கொண்டால்? தோளில் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த மூன்று வளையங்கள் இருக்கும். பில் பூத் என்ற அமெரிக்கர் 1970-களில் செய்தது. பெரிய வளையத்தில் தொங்கும் முழு எடையை அடுத்த வளையமும், அதற்கடுத்ததும் நெம்புகோல் தத்துவப்படி குறைத்துக்கொண்டே வரும். கடைசியில் ஒரு சின்னக் கயிற்றுக் கண்ணிதான் எல்லாவற்றையும் பூட்டி வைத்திருக்கும். கைப்பிடியை இழுத்தால் மெயின் கழன்று போய்விடும். உடனே ரிசர்வைத் திறக்க வேண்டும்.

குதித்தவர் மயங்கிவிட்டால்? அதற்கும் ஒரு குட்டிக் கருவி உண்டு. 1991-ல் ஜெர்மனியில் வந்த சைப்ரெஸ் அதில் பேர்பெற்றது. காற்றழுத்தத்தை அளந்துகொண்டே இருக்கும். தரைக்குச் சுமார் 225 மீட்டர் உயரத்திலும் ஆள் வினாடிக்கு 35 மீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வ் பையின் கட்டை அதுவே வெட்டிவிடும்.

ஆறு நிமிடம் வானம், மீதி தரை

ஒரு குதியில் காற்றில் விழுவது சுமார் ஒரு நிமிடம். கேனபியில் மிதப்பது ஐந்து நிமிடம் அளவுக்கு. மற்ற நேரம் என்ன செய்வார்கள்? காத்திருப்பார்கள்! காற்று மணிக்கு 22 கிலோமீட்டரைத் தாண்டினால் மாணவர்களை விமானம் ஏற விடுவதில்லை என்பது அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் விதி. மேகம் வந்தாலும் காத்திருக்க வேண்டும். இறங்கிய துணியைத் தரையில் விரித்து, கயிறுகளைப் பிரித்து, காற்றைப் பிழிந்து, பைக்குள் திணிக்க வேண்டும். வழுவழுப்பான துணி கைக்கு அடங்காமல் நழுவும். புதியவர்களுக்கு வியர்த்துக் கொட்டிவிடும். பிறகு பதிவேட்டில் எழுத வேண்டும். விமானம் ஏறும் முன் ஒருவர் பையை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். தில்லிக்காரர்கள் போய்க் குதிக்கப் பக்கத்தில் உள்ள இடம் ஹரியானாவில் நார்னோல் ஊரின் பாச்சோட் ஓடுதளம்.

நம் நாட்டிலும் பேர்பெற்ற ஸ்கைடைவர்கள் உண்டு. ரேச்சல் தாமஸ் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே குதித்தவர். 1979-ல் ஆக்ராவில் முதல் குதி. 2002-ல் வடதுருவத்தில், 7,000 அடியிலிருந்து! 2005-ல் பத்மஸ்ரீ. மகாராஷ்டிரத்தின் ஷீத்தல் மகாஜன் 2018-ல் தாய்லாந்தின் பட்டாயாவில் ஒன்பது கெஜம் புடவை கட்டிக்கொண்டு 13,000 அடியிலிருந்து குதித்தார். பறக்கும் துணி கைப்பிடியில் சிக்கினால் ஆபத்து. ஆகவே முந்தானையும் மடிப்பும் எங்கே போகும் என்று முன்னாலேயே யோசித்தாக வேண்டும்.

இதே கணக்கு விண்வெளிக்கும் போகிறது. இந்தியாவின் ககன்யான் விண்கலத்தை இறக்கும் பாராசூட்டுகளை வடிவமைத்ததில் ஆக்ராவின் ஏ.டி.ஆர்.டி.இ. ஆய்வகத்துக்குப் பங்குண்டு. மொத்தம் பத்து, அதில் கடைசியாக விரியும் பெரிய மூன்றும் ஒவ்வொன்றும் 25 மீட்டர் விட்டம். மூன்றில் இரண்டு விரிந்தாலே போதும், மூன்றாவது முன்னெச்சரிக்கைக்கு.

உங்களுக்கு ஒரு கணக்கு

80 கிலோ எடையுள்ள ஒரு மாமா குதிக்கக் கற்றுக்கொள்ளப் போகிறார். சாமான்களின் எடை 12 கிலோ. விங் லோடிங் 1.0-ஐத் தாண்டக்கூடாது. அலமாரியில் 150, 190, 210, 230 சதுர அடிக் கேனபிகள் இருக்கின்றன. “190 போதுமே, வகுத்துப் பார்த்துவிட்டேன்” என்கிறார் மாமா. அவர் எதைச் சேர்க்க மறந்தார்? பாக்கி இருப்பதில் நீங்கள் எதைக் கொடுப்பீர்கள், ஏன்?