நம்பர் பிளேட்டை மறைத்தால் கேமராவை ஏமாற்ற முடியுமா?

புதிதாகக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வாங்கிய நண்பர் ஒருவர் சென்ற வாரம் போன் செய்தார். "ஒரு ஸ்பிரே விற்கிறார்கள். நம்பர் பிளேட்டில் அடித்தால் வேகக் கேமராவில் நம்பர் விழாதாம். ஆர்டர் செய்யட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். ஏன் என்பது உங்களுக்கும் பயன்படும்.

கேமரா எப்படிப் படிக்கிறது?

அச்சிட்ட தாளை ஸ்கேன் செய்து, அதிலுள்ள எழுத்துகளை டைப் செய்தது போல மாற்றித் தரும் ஓ.சி.ஆர். சாஃப்ட்வேரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சாலையோரக் கேமராவுக்குப் பின்னால் இருப்பதும் அதே நுட்பம்தான். ஏ.என்.பி.ஆர். என்று பெயர். 1976-ல் பிரிட்டனில் காவல்துறைக்காக உருவாக்கப்பட்டது.

முதலில் படத்தில் நம்பர் பிளேட் எங்கே இருக்கிறது என்று சாஃப்ட்வேர் தேடும். பிறகு எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டி, ஒவ்வொன்றும் எது என்று கண்டுபிடிக்கும். பல கேமராக்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகின்றன. பிளேட்டின் பின்னணி அதைத் திருப்பி அனுப்பும். கறுப்பு எழுத்து விழுங்கிக்கொள்ளும். அதனால் நள்ளிரவிலும் எண் பளிச்சென்று தெரியும்.

ஸ்பிரே வேலை செய்யுமா?

ஃபிளாஷ் வெளிச்சம் பளபளப்பில் பட்டு, படம் வெளுத்துப் போகும் என்பதே விற்பவர்கள் சொல்லும் காரணம். 2007-ல் அமெரிக்காவின் 'மித்பஸ்டர்ஸ்' டி.வி. நிகழ்ச்சியில் ஸ்பிரே, பிளாஸ்டிக் மூடி எல்லாவற்றையும் சோதித்தார்கள். எண்ணைக் கேமராவிலிருந்து மறைக்க முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 39-வது பிரிவு, பதிவு எண்ணை விதிப்படி காட்டாமல் வண்டி ஓட்டக்கூடாது என்கிறது. ஆங்கில எழுத்து, சாதாரண எண்கள், கார் என்றால் 65 மி.மீ. உயரம் என்று விதிகள் அளவு வரை சொல்கின்றன. 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம்.

கணக்கைப் பாருங்கள். 2019 சட்டத் திருத்தப்படி, காரில் வேகமாகப் போனதற்கு அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய். 39-வது பிரிவை மீறினால், 192-வது பிரிவின்படி முதல் முறையே 2,000 முதல் 5,000 ரூபாய். சின்னக் குற்றத்தை மறைக்கப் போய்ப் பெரிய குற்றத்தில் மாட்டிக்கொள்வதுதான் மிச்சம்!

பாதிக்கப்படுவது யார்?

நான் போகாத ஊரிலிருந்து என் பெயருக்கு ஒரு முறை இ-சலான் வந்தது. படத்தைத் திறந்தால் அது வேறொருவர் வண்டி. எட்டாம் எண்ணின் ஓரத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். சாஃப்ட்வேர் அதை மூன்று என்று படித்துவிட்டது. ஆர்.சி. நகலோடு புகார் செய்து, ரத்தாகும் வரை நிம்மதியில்லை. அபராதமாவது பரவாயில்லை. அந்த வண்டி யாரையாவது இடித்துவிட்டுப் போயிருந்தால், போலீஸ் தேடிவந்திருப்பது என் வீட்டுக் கதவைத்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது

பிளேட்டில் சேறு, ஸ்டிக்கர், பூமாலை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் இ-சலான் பகுதிக்குச் சென்று, வண்டி எண்ணைக் கொடுத்து அவ்வப்போது பாருங்கள். தவறான சலான் என்றால் படத்தைச் சேமித்துவைத்து உடனே புகார் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் "சலான்" என்று வரும் ஏ.பி.கே. ஃபைலை மட்டும் திறக்காதீர்கள். பணம் திருடும் மோசடி அது.

நண்பர் ஸ்பிரே வாங்கவில்லை. அந்தக் காசுக்கு ஒரு பென் டிரைவ் வாங்கியிருக்கிறார்.