தாய் மறந்த ரங்கூன் சூப்! 50 வயதில் தேடிப் பிடித்த வியாசர்பாடி பெண்

சென்னை வியாசர்பாடியில் ஒரு வீட்டில் ஒரு பொருள் காணாமல் போய் விட்டது. போலீசில் புகார் கொடுக்க முடியாது. பூட்டு உடைக்கப்படவில்லை. பீரோ திறக்கப்படவில்லை. காணாமல் போனது ஒரு சூப்பின் பக்குவம். அது பத்திரமாக இருந்த இடம் 79 வயது மூதாட்டி ஒருவரின் ஞாபகம்.

அதைத் தேடிப் புறப்பட்டவர் அவருடைய மகள். வயது 52. வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவர். "பேரெல்லாம் வேணாம். பர்மாக்காரம்மா வூடுன்னு கேட்டா தெருவுல சின்னப் புள்ளகூட காட்டும்" என்கிறார்.

இன்று அந்த வீட்டுச் சமையலை செல்போனில் படம் பிடித்து ஊரே பார்க்கும்படி போடுகிறார். சமைக்கும்போதே பழைய கதையும் சொல்கிறார். 50 வயது வரை வாய் திறக்காதவர் இவர்!

அத்தோ

பாரிமுனை பக்கம், கடற்கரை ரெயில் நிலையத்துக்கு எதிரே உள்ள செகண்ட் லைன் பீச் தெருவில் மாலை நேரம் நடந்தவர்களுக்கு அத்தோ தெரியாமல் இருக்காது. தள்ளுவண்டியில் மஞ்சளும் சிவப்புமாக நூடுல்ஸ் குவித்து வைத்திருப்பார்கள். அதைக் கை நிறைய அள்ளி, நறுக்கிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித் தண்ணீர், வறுத்த கடலை மாவு, மிளகாய்த் தூள் போட்டுக் கையாலேயே பிசைவார்கள். மேலே பேஜோவை நொறுக்கித் தூவுவார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப் ஆவி பறக்கும். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயத்தையும் புளியையும் காரத்தையும் அடைத்துக் கொடுப்பார்கள். ஆபீஸ் முடிந்து ரெயில் பிடிக்கப் போகிறவர்கள் நின்றபடியே சாப்பிட்டு விட்டு ஓடுவார்கள்.

அத்தோ என்பது பர்மியப் பேச்சில் கலந்து பிசைந்தது என்ற பொருள் கொண்ட சொல். அந்த சூப்புக்கு அசல் பெயர் மொஹிங்கா. பர்மாவில் காலைப் பலகாரமே அதுதான். நம் ஊர் இட்லி மாதிரி.

வியாசர்பாடி வீட்டில் காணாமல் போனதும் இந்த மொஹிங்காதான்.

செல்லாத நோட்டு

பர்மாவுக்குத் தமிழர்கள் பல வழியில் போனார்கள். வட்டிக்குக் கொடுக்க நகரத்தார் போனார்கள். 1930-களின் முடிவில் கீழ் பர்மாவின் நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்து விட்டது. மூட்டை தூக்கவும், அறுவடைக்கும், ஆலை வேலைக்கும் ஏழைகள் போனார்கள்.

செட்டிநாட்டுக்குப் பர்மாவில் இருந்து தேக்கு வந்தது. கூடவே கறுப்பு நிறக் கவுனி அரிசியும் வந்தது. அது இன்று கல்யாண வீட்டில் இலையில் விழுகிற பலகாரம். ஏழை கொண்டு வந்த மொஹிங்கா பிளாட்பாரத்தில் நின்று விட்டது. ஒரே நாட்டுச் சாப்பாடுதான். வந்து இறங்கிய வீடு வேறு!

1941 டிசம்பர் 23-ந் தேதி ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது. 1942-ல் லட்சக்கணக்கானவர்கள் காட்டு வழியாக இந்தியாவுக்கு நடந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். நடக்கத் தெம்பு இல்லாமல் அங்கேயே தங்கி விட்ட குடும்பங்களும் உண்டு. இந்த மூதாட்டியின் குடும்பம் அப்படித் தங்கியது. இவர் 1945-ல் ரங்கூனில் பிறந்தார்.

1962 மார்ச் 2-ந் தேதி ராணுவத் தளபதி நெவின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச் மாதம் கடைகளை அரசு எடுத்துக் கொண்டது. மே 17-ந் தேதி 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். இவருடைய கணவர் அங்கே சின்ன மளிகைக் கடை வைத்திருந்தார். கடையும் போயிற்று. கல்லாவில் இருந்ததும் போயிற்று.

"ராத்திரி படுக்கும்போது அது நோட்டு. காலையில எழுந்தா வெறும் காயிதம்" என்று மூதாட்டி சொல்வாராம். இதை மட்டும் அவர் இன்றும் மறக்கவில்லை.

1965-ல் கணவரோடு கப்பல் ஏறினார். அப்போது வயது 20. நகையும் பணமும் கொண்டு வரக் கட்டுப்பாடு இருந்தது. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு அலுமினியச் சட்டி, இரண்டு மாற்றுப் புடவை. அவ்வளவுதான். இவருடைய தாய் கப்பல் ஏறவில்லை. மூத்த மகனோடு ரங்கூனிலேயே இருந்து விட்டார். துறைமுகத்தில் கையசைத்துப் பிரிந்ததுதான். அதன் பிறகு தாயும் மகளும் சந்திக்கவே இல்லை.

இல்லாததை வைத்து

சென்னைக்கு வந்தாயிற்று. நாக்கு ரங்கூனிலேயே இருந்தது.

அங்கே மொஹிங்காவுக்கு ஆற்றுக் கெளுத்தி போடுவார்கள். இங்கே கிடைத்த விராலைப் போட்டார். பர்மாவின் நப்பி (மீனையோ இறாலையோ உப்பில் ஊற வைத்து இடித்தது) இங்கே கிடையாது. காசிமேட்டுக் கருவாட்டு இறாலை இடித்துச் சேர்த்தார். எலுமிச்சைப் புல் அப்போது அக்கம் பக்கத்தில் கிடைக்கவில்லை. அதை விட்டு விட்டார். அரிசி நூடுல்ஸ் இல்லாத நாளில் இடியாப்பம் பிழிந்து அதன் மேல் ஊற்றினார். வாழைத்தண்டுக்கு மட்டும் பஞ்சம் வரவில்லை.

1969-ல் கடற்கரை ஓரம் பர்மா பஜார் வந்தது. கணவர் அங்கே கடைப் பையனாகச் சேர்ந்தார். மனைவி சாயங்காலம் ஒரு சட்டி சூப்பும் ஒரு கூடை அத்தோவும் எடுத்துப் போய் விற்றார். பிளாட்பாரக் கடை என்பதால் லாரி வந்து அள்ளிக் கொண்டு போன நாளும் உண்டு. சட்டியை மட்டும் விடாமல் மார்போடு கட்டிக் கொண்டு ஓடி வந்து விடுவாராம். கப்பலில் வந்த அதே சட்டி!

மகளுக்கு வெட்கம்

இவ்வளவும் மகளுக்குத் தெரியும். ஆனால் யாரிடமும் சொன்னது இல்லை.

"பள்ளிக்கூடத்துல பர்மா அகதி பர்மா அகதின்னுதான் கூப்புடுவாங்க. பக்கத்துல உக்காந்தா மீன் நாத்தம்னு மூக்க மூடிக்கும் ஒரு பொண்ணு. அதுலேருந்து நான் தயிர் சாதம்தான் எடுத்துட்டுப் போவேன்" என்றார்.

கல்யாணம் ஆன வீடு பர்மாக்காரர் வீடு அல்ல. முதல் மாதம் ஆசையாகக் கௌஸ்வே செய்து வைத்தார். தேங்காய்ப் பாலில் நூடுல்ஸ். மாமியார் தட்டைப் பார்த்து, "இன்னாம்மா இது, புழு மாரி நெளியுது" என்றாராம். அதோடு சரி. 25 வருஷம் அந்த அடுப்பில் சாம்பாரும் காரக்குழம்பும்தான். கணவர் ஆட்டோ ஓட்டுகிறவர். சவாரி முடித்து வரும்போது மாமியார் வீட்டுக்குப் போய்த் திருட்டுத்தனமாக மொஹிங்கா குடித்து விட்டு வருவார். மனைவிக்கே இது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது!

அடுப்பின் முன்னால் நின்றார்

மூன்று வருஷம் முன்பு தாயிடம் மாற்றம் தெரிந்தது. முதலில் சாவி எங்கே என்று தேடினார். பிறகு குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டார். தெருமுனைக் கடைக்குப் போனவர் வழி தெரியாமல் நின்றார். மறதி நோய் என்று டாக்டர் சொல்லி விட்டார். மகள் தன் வீட்டுக்கே அழைத்து வந்து வைத்துக் கொண்டார்.

ஒரு நாள் காலை. "அம்மா, இன்னிக்கி மொஹிங்கா வையேன்" என்று மகள் கேட்டார். மூதாட்டி உற்சாகமாக எழுந்தார். சட்டியை அடுப்பில் வைத்தார். தண்ணீர் ஊற்றினார். மீனைப் போட்டார். பிறகு கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்று விட்டார்.

"அடுத்தது இன்னாம்மா?"

"அதான்... வெக்கிறது."

பத்து நிமிஷம் நின்றாராம். தண்ணீர் கொதித்து வழிந்தது. பிறகு மகள் முகத்தைப் பார்த்து அழ ஆரம்பித்தார்.

"கப்பல்ல எல்லாம் போச்சி. அது ஒண்ணுதான் அவங்க கைல மிச்சம் இருந்துச்சி. அதுவும் போச்சேன்னு அன்னிக்கி நானும் அழுதேன்" என்றார் மகள்.

யோசனை சொன்ன மருமகள்

யோசனை சொன்னது மருமகள். "அத்தே, ஆயா பழசு நல்லாத்தானே பேசறாங்க. செல்லுல புடிச்சி வெச்சிக்கலாம்" என்றார்.

உண்மைதான். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது மூதாட்டிக்குத் தெரியாது. ஆனால் ரங்கூன் மொகல் தெருவில் எந்த மூலையில் யார் கடை என்பது தெரியும். சூலே பகோடா பக்கம் காவடி மாதிரித் தோளில் தூக்கி வந்து மொஹிங்கா விற்றவரின் கூவல் கூட ஞாபகம் இருக்கிறது. மகள் ஒவ்வொரு பண்டமாகச் செய்து முன்னால் வைப்பார். வாசனை பட்டதும் கதை வரும். அதை மருமகள் பிடிப்பார். இப்படித்தான் ஆரம்பித்தது.

மகன் குதித்தார். "ஏம்மா, நாம அகதிங்கன்னு ஊருக்கே தமுக்கு அடிக்கணுமா?"

தாய் விடவில்லை. "பிரெண்டுங்களோட போயி அத்தோ வாங்கித் துண்றியே, அப்ப வெக்கம் வரலியா? அது எங்கேருந்து வந்துச்சின்னு சொன்னா மட்டும் வெக்கமா?"

இன்னொரு தகராறும் வந்தது. தள்ளுவண்டி வைத்திருக்கும் ஒன்று விட்ட அண்ணன் ஒருவர் வீட்டுக்கே வந்து கத்தினார். "எல்லாத்தையும் நீ சொல்லிக் குடுத்துட்டா என் வண்டிக்கு எவன் வருவான்? அம்பது வருஷத் தொழில்மா!" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. பேசி முடித்தார்கள். வண்டியில் தூவுகிற காரப் பொடியின் கணக்கை வெளியே சொல்வது இல்லை. வீட்டுச் சமையலை எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். இந்த ஒப்பந்தம் இன்று வரை மீறப்படவில்லை.

மோரேயில் இருந்து போன்

ஆனால் மொஹிங்கா மட்டும் கைக்கு வரவில்லை. கடையில் செய்வது போலக் கடலை மாவு கரைத்து ஊற்றினார். மூதாட்டி ஒரு வாய் குடித்தார். "இது கடை சூப்பு" என்று கிண்ணத்தைத் தள்ளி விட்டார். பட்டாணி மாவு போட்டார். தள்ளி விட்டார். இப்படி இரண்டு வருஷம். ஒவ்வொரு தோல்வியையும் மறைக்காமல் படத்தில் சொன்னார். "இன்னிக்கும் வரலை" என்று சொல்லித்தான் முடிப்பார்.

அதைப் பார்த்து ஒரு போன் வந்தது. பேசியவர் மணிப்பூர் எல்லையில் உள்ள மோரே ஊர்க்காரப் பெண். தமிழச்சி! 1960-களில் இங்கே வந்து பிழைக்க முடியாமல், மறுபடியும் பர்மாவுக்கே போய் விடலாம் என்று எல்லை வரை போனவர்கள் உண்டு. அந்தப் பக்கம் விடவில்லை. மோரேயிலேயே குடிசை போட்டுத் தங்கி விட்டார்கள். அவர்கள் வழி வந்தவர் இவர்.

"அக்கா, கடலை மாவு எதுக்கு? பச்சரிசிய வெறும் சட்டியில செவக்க வறுத்து, இடிச்சி, கரைச்சி ஊத்துங்க. தண்டை முன்னாடியே போட்டுக் குழைய விடாதீங்க" என்றார்.

விஷயம் அவ்வளவுதான்!

இப்போது 6 பேருக்கு அந்த வீட்டில் வைக்கும் அளவு இது. அரை கிலோ விராலை இஞ்சி, பூண்டு, மஞ்சள் தூள், ஒரு தண்டு எலுமிச்சைப் புல் போட்டு 2 லிட்டர் தண்ணீரில் வேக வைக்க வேண்டும். முள்ளை எடுத்துச் சதையை உதிர்க்க வேண்டும். கால் கிலோ சின்ன வெங்காயத்தையும் 8 காய்ந்த மிளகாயையும் இடித்து எண்ணெயில் வதக்கி, அதில் மீனையும் வெந்த தண்ணீரையும் சேர்க்க வேண்டும். இடித்த கருவாட்டு இறால் ஒரு கரண்டி. வறுத்த அரிசிப் பொடி 3 கரண்டி, கரைத்து ஊற்ற வேண்டும். கெட்டியாகி வரும்போது வட்டமாக நறுக்கி நார் எடுத்த வாழைத்தண்டு. அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றி, முட்டை, கொத்துமல்லி, எலுமிச்சம் பழச் சாறு.

சமையலை எழுதி வைத்துப் பெயர் வாங்கியவர்கள் உண்டு. 1951-ல் 'சமைத்துப் பார்' போட்ட மீனாட்சி அம்மாளும் 40 வயதைத் தாண்டிய பிறகுதான் அந்தப் புத்தகம் போட்டார். கல்யாணம் ஆகி வெளியூர் போன பெண்கள் அதைக் கையோடு கொண்டு போனார்கள். அது சைவச் சமையல். மீன் சூப்புக்கு அதில் இடம் இல்லை. வியாசர்பாடிச் சட்டிக்கு வியாசர்பாடிதான் எழுத வேண்டும் போலிருக்கிறது.

"எங்கம்மா வந்துட்டாங்களா?"

அரிசிப் பொடி போட்ட முதல் சட்டி இறங்கிய நாள். மூதாட்டி கிண்ணத்தை வாங்கினார். ஒரு வாய் குடித்தார். தள்ளவில்லை. இன்னொரு வாய். வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"எங்கம்மா வந்துட்டாங்களா?" என்று கேட்டார்.

வீட்டில் யாரும் பதில் பேசவில்லை. மருமகள் செல்போனைக் கீழே வைத்து விட்டார். அந்தக் காட்சியை வெளியே போடவில்லை. போடக் கூடாது என்று சொன்னது மகன்தானாம்.

மூதாட்டி கிண்ணத்தைக் காலி செய்து விட்டு, "உப்பு கம்மி" என்றார். மறுபடியும் கிண்ணத்தை நீட்டினார்.

தையல் மிஷின் மேல் இப்போது ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. 23 பண்டங்கள் எழுதியாகி விட்டது. அடுத்தது பலாச்சாங். பூண்டும் வெங்காயமும் மொறுமொறுப்பாகப் பொரித்து, கருவாட்டு இறாலோடு வறுப்பது. இதில் ஒரு சண்டை நடக்கிறது. இறாலைப் பொடி பண்ண வேண்டும் என்கிறார் மகள். முழுசாகத்தான் போட வேண்டும் என்று மதுரையில் இருக்கும் சித்தி போனில் அடம் பிடிக்கிறார். மூதாட்டியைக் கேட்டால் ஒரு நாள் இப்படிச் சொல்கிறார், ஒரு நாள் அப்படிச் சொல்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு விதமாகவும் செய்து பார்க்கப் போகிறார்கள். காசிமேட்டுக்குப் போய் இறால் கருவாடு வாங்கி வரும் வேலை மகனுக்கு.