அத்தையின் குரலும் இன்ஹேலரும்

என் மாமியார் மீன் கூடை சுமந்து தெருத்தெருவாக விற்பவர். நெட்டுக்குப்பத்திலிருந்து எண்ணூர் பக்கம் போய், "மீனேய்!" என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு தெரு திரும்பிப் பார்க்கும். அவருக்கு ஆஸ்துமா உண்டு. போன மழைக்காலத்தில் இரைப்பு அதிகமாகவே, ஸ்டீராய்டு இன்ஹேலரின் அளவை டாக்டர் கூட்டினார். இரைப்பு அடங்கியது. ஆனால் இரண்டே மாதத்தில் குரல் கம்மிவிட்டது. சாயங்காலமானால் வெறும் காத்துதான் வரும்.

"இன்னா கண்ணு இது, கூவாம எப்டி மீன் விக்கிறது?" என்று அழாத குறையாகக் கேட்பார். பக்கத்து வீட்டு அக்கா வேறு, "ஸ்டீராய்டுன்னா வெஷம்" என்று சொல்லிவிட, எங்களுக்குத் தெரியாமல் மருந்தையே நிறுத்திவிட்டார். குரல் லேசாகத் தெளிந்தது. நானோ, என் சுக்குக் கஷாயம்தான் வேலை செய்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்! மூன்றாவது வாரம், ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து குப்பமே ஓடினோமே, அன்றைக்குக்கூட நான் இப்படி நடுங்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா திட்டவில்லை. பொறுமையாகச் சொன்னார். மூச்சுக்குழாயின் வீக்கத்தை இந்த மருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறதாம். நிறுத்தினால் வீக்கம் திரும்பிவிடும். நாம் இழுக்கும் மருந்தில் பெரும்பகுதி நுரையீரலுக்குப் போகாமல் வாயிலும் தொண்டையிலுமே படிந்துவிடுகிறது. வழியில் இருக்கும் குரல்நாண்மேல் படிந்தால் அங்குள்ள தசை சோர்ந்து குரல் கம்முகிறது. சிலருக்கு வாயில் வெள்ளையாகக் காளானும் படரும்.

இன்ஹேலரோடு மாட்ட 'ஸ்பேசர்' என்று ஒரு பிளாஸ்டிக் குடுவை கொடுத்தார். மருந்தின் பெரிய துளிகள் அதிலேயே தங்கிவிடும். மெதுவாக இழுத்து, பத்து எண்ணும் வரை மூச்சை அடக்க வேண்டும். பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். (அத்தை இத்தனை நாளும் விழுங்கிக்கொண்டிருந்தார்!) பல் விளக்குவதற்கு முன் இழுத்துவிட்டால் கொப்பளிக்க மறக்காது. ஆனால் கொப்பளிக்கிற தண்ணீர் குரல்நாண் வரை போகாதாம். அதனால் இரைப்பு கட்டுப்பட்டு மூன்று மாதம் ஆனதும் டாக்டரம்மாவே அளவைக் குறைத்தார்.

பழைய கணீர் இன்னும் முழுசாக வரவில்லை. இரண்டு தெருவுக்குக் கேட்கிறது. மீதி இரண்டு தெருவுக்கு என் பெரிய பெண் லீவு நாளில் கூடப் போய்க் கூவுகிறாள்.

– ஒரு வாசகி, நெட்டுக்குப்பம்.