கிண்ணம் உடைஞ்சா மூணு வாரம்தான் கெடு!

கொல்லிமலைக்குப் போனால் எல்லோரும் ஆகாய கங்கையைப் பார்ப்பார்கள். நான் பெரக்கரை நாட்டில் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தை அண்ணாந்து பார்த்தேன். அடிவயிறு கலங்கியது.

"விழுந்தா என்னங்க பண்ணுவீங்க?"

"கட்டுப் போட்டுக்குவோம் தம்பி" என்றார் பெரியவர், சாதாரணமாக.

கை, கால் என்றால் சரி. இடுப்புக் கிண்ணத்துக்குக் கட்டு எட்டாது ஸார்! தொடை எலும்பின் உருண்டைத் தலை உட்காரும் குழி அது. சதைக்குள் ஆழத்தில் இருப்பதால் டாக்டர்களே ரொம்ப காலம் தொடத் தயங்கினார்கள். பிரான்சில் ஜூடே, லெத்தூர்னெல் என்ற சர்ஜன்கள்தான் 1964-ல் உடைவுகளைப் பத்து வகையாகப் பிரித்து, எதற்கு எந்தப் பக்கம் திறப்பது என்று வழி சொன்னார்கள். இப்போது சி.டி. ஸ்கேன் பார்த்துத் துண்டுகளைப் பொருத்தி பிளேட், ஸ்க்ரூ போடுகிறார்கள். 2 மில்லிமீட்டருக்கு மேல் பிசகு நின்றால் பின்னால் மூட்டு தேயும் வாய்ப்பு அதிகம். (பேலன்ஸ் ஷீட்கூட இவ்வளவு கறார் கிடையாது. நான் பி.காம்.!) மூணு வாரம் தாண்டினால் எலும்பு கோணலாகவே கூட ஆரம்பித்து, ஆபரேஷன் பெரும்பாடு.

இடுப்பெலும்பு வளையமே உடைந்தால் இன்னும் அவசரம். வெளியே காயமே தெரியாது. உள்ளே லிட்டர் கணக்கில் ரத்தம் போகும். மலை இறங்கவோ 70 கொண்டை ஊசி வளைவு! 108-க்குப் போன் போட்டுவிட்டு, ஆளைப் புரட்டாமல், மடித்த வேட்டியால் இடுப்பை இறுக்கிக் கட்டணும். அரைஞாண் கட்டும் இடத்தில் இல்லை; அதற்குக் கீழே, தொடை ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் எலும்பு துருத்துமே, அங்கே.