சவாரித் தம்பரைக் கீறியவர்

மாட்டுவண்டிச் சவாரி என்றால் வலிகாமத்துக் கிழவர்களுக்கு இன்றைக்கும் கால் நிலத்தில் நில்லாது. எந்தச் சோடி எந்தத் திடலில் வென்றது, நாம்பனை யார் என்ன விலைக்கு விற்றார் என்று தெல்லிப்பழைச் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் கதை தொடங்கினால் மத்தியானமாகிவிடும். இந்தச் சவாரிப் பித்தைப் பிடித்துப் பத்திரிகையில் உலவவிட்டவர் சி. சிவஞானசுந்தரம். படத்துக்கு அடியில் போட்ட பெயர் சுந்தர். ஊர் கூப்பிட்டது ‘சிரித்திரன்’ ஆசிரியர் என்று.

1924 இல் கரவெட்டியில் பிறந்தவர், கட்டடக்கலை படிக்கப் பம்பாய் போனார். அங்கே கார்ட்டூன் அவரைப் பிடித்துக்கொண்டது. ஆர். கே. லக்ஷ்மணும் அவருடைய சாமானியனும் பேர்பெற்ற பட்டணம் அல்லவா? மகன் டொக்டராகவோ எஞ்சினியராகவோ வந்து இறங்குவான் என்று காத்திருக்கும் யாழ்ப்பாணத்தில், ‘படம் கீறுகிறார்’ என்பது சீதனம் பேசக்கூடிய உத்தியோகம் அல்ல. அந்த உத்தியோக மோகமும் சீதனப் பேச்சுமே பிறகு அவருடைய பகிடிகளுக்குத் தீனியாயின.

தினகரன் பத்திரிகையில் வந்த சவாரித் தம்பர் என்ற கார்ட்டூன் பாத்திரம்தான் அவரை வீடுவீடாகக் கொண்டுபோனது. 1963 இல் கொழும்பில் சொந்தமாகச் ‘சிரித்திரன்’ தொடங்கினார். ‘செய்தொழில் தெய்வம், சிரிப்பே சீவியம்’ என்பது இதழின் மகுட வாக்கியம். தம்பரோடு சின்னக்குட்டி, மெயில்வாகனத்தார், மிஸ்டர் அன்ட் மிஸிஸ் டாமோடிரன் என்று ஒரு பட்டாளமே வந்து சேர்ந்தது. கேள்வி பதிலுக்கு மகுடியார். என் கணக்கில் டாமோடிரன் தம்பதி தம்பருக்கு ஒரு படி கீழேதான். கொழும்புத் துரைத்தனத்தை நக்கலடிக்க ஆட்கள் பலர் இருந்தார்கள். வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து அயலவனை அளக்கும் யாழ்ப்பாணக் கண்ணைக் கீற ஆள் குறைவு. நாங்கள் மந்திரியைப் பார்த்துச் சிரிக்கத் தயங்குவதில்லை. எங்களைப் பார்த்து எங்களையே சிரிக்கவைப்பதுதான் பாடு.

அந்தக் காலத்தில் ஒரு படம் அச்சேறுவதும் இலேசான காரியம் அல்ல. கீறியதைப் படம்பிடித்து, துத்தநாகத் தகட்டில் இறக்கி, அமிலத்தில் அரிக்கவைத்து, மரக்கட்டையில் அறைந்து ‘புளொக்’ ஆக்கவேண்டும். மெல்லிய கோடு மையில் அப்பிப்போகும், இல்லையேல் விழவே விழாது. ஆகவே கோடு கொஞ்சமாகவும் தடிப்பாகவும் இருக்கவேண்டும். மிச்சத்தைப் பேச்சு பார்த்துக்கொள்ளும். சுந்தரின் பலமும் அந்தப் பேச்சுத்தான். திண்ணையில் கேட்ட தமிழ் அப்படியே வாயிலிருந்து வந்தது.

இதழ் பிறகு யாழ்ப்பாணத்துக்கே வந்தது. போரும் பின்னால் வந்தது. 1990 இல் பொருளாதாரத் தடை இறுக, இங்கத்தைப் பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளில்கூட அச்சாகின. அதே வருடம் தெல்லிப்பழைச் சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. உறுதியையும் நகையையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் பரணில் கட்டிவைத்த பழைய புத்தகக் கட்டையா தூக்குவான்? காணிகள் துண்டுதுண்டாக விடுபட்டு ஆட்கள் திரும்பியபோது பல வீடுகளில் கூரையே இல்லை. சுந்தர் அந்தத் திரும்பலுக்கு முன்னமே, 1996 இல் காலமாகிவிட்டார்.

படம் கீறுகிறவர்களுக்குப் பெரிய விருதுகள் கிடைக்காமலும் இல்லை. தாய்லாந்தில் நாட்டார் கதைகளைக் கூத்துப் பாணியில் சித்திரத்தொடராக்கிய பிரயூன் சன்யாவோங்குக்கு 1971 இல் மக்சேசே விருது கிடைத்தது. லக்ஷ்மணுக்கு 1984 இல். அந்தப் பட்டியலில் சுந்தர் இல்லை. பிரயூனுக்குப் பின்னால் ஒரு தேசமும் லக்ஷ்மணுக்குப் பின்னால் ஆங்கிலமும் நின்றன. தம்பரோ பளைக்குத் தெற்கே போனாலே அரைவாசிப் பேச்சுக்கு விளக்கம் கேட்பார்கள்.

பழைய சிரித்திரன் இதழ்கள் பலவற்றை நூலகம் நிறுவனம் மின்வடிவில் வைத்திருக்கிறது. ரொறன்ரோவில் வளரும் பிள்ளை திறந்து பார்த்தால் நாம்பன் எது, துலா எது என்று அப்பம்மாவைக் கேட்கவேண்டிவரும். சீதனப் பகிடிக்கு அவரைக் கூப்பிடத் தேவையில்லை.