வர்ண நிழற்படத் தாளைத் தெரிதல்

மானிப்பாயிலும் அதனை அடுத்துள்ள சண்டிலிப்பாய், சுதுமலை, ஆனைக்கோட்டை முதலிய ஊர்களிலும் பழைய குடும்பங்கள் பேணிவரும் நிழற்படத் தொகுப்புக்களை எடுத்து நோக்குவார்க்கு முரணானதொரு காட்சி புலப்படும். 1950ஆம் ஆண்டளவில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைத் திருமணப் படம் கூறைச் சேலையின் கரையும் தெளிவாகத் தெரிய நிற்கும். அதற்கு இருபது இருபத்தைந்து ஆண்டு பிந்திய வர்ணப் படமோ செந்நிறம் படிந்து, முகமும் மாலையும் வேறுபாடின்றி மங்கிக் கிடக்கும். இளையது மூத்ததிலும் முந்தி முதுமை எய்திய இவ்விந்தைக்குப் படம் பிடித்தவரின் திறமைக் குறைவு காரணமன்று, கமெராவும் காரணமன்று. பெரும்பாலும் தாளே காரணம். ஆதலின், இருட்டறையில் வர்ணப் படம் அச்சிடப் புகுவார் எத்தாளைத் தெரிதல் வேண்டும் என்னும் வினா, அழகைப் பற்றியது போலத் தோன்றினும், உண்மையில் ஆயுளைப் பற்றியதாகும்.

இரசாயனத்தைத் தமிழிற் கூறுதல் மானிப்பாய்க்குப் புதிதன்று. இவ்வூரில் வைத்தியத் தொண்டாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களின் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் நூல் 1875இலேயே தமிழில் வெளிவந்தது. எனவே வெள்ளியுப்புக்களின் இயல்பை ஈண்டுச் சிறிது விரித்தல் பொருந்தும்.

கறுப்பு வெள்ளைத் தாளில் ஒளிபட்ட வெள்ளியுப்பு, உருவாக்கும் திரவத்திலே தூய வெள்ளித் துணிக்கைகளாக மாறுகின்றது. அத்துணிக்கைகளே படத்தின் கருமை. வர்ணத் தாளிலும் வெள்ளியுப்பே முதலில் தொழிற்படும். ஆயினும் இறுதியில் அது தங்குவதில்லை. ஒளிபட்ட இடத்தில் உருவாக்கி ஒட்சியேற்றமடைந்து, தாளின் பூச்சினுள் முன்னரே அடங்கியுள்ள நிறவிணைப்பி என்னும் பொருளோடு கூடிச் சாயத்தைத் தோற்றுவிக்கின்றது. பின்னர் வெளிற்றித் திரவம் வெள்ளி முழுவதையும் அகற்றிவிடுகின்றது. எஞ்சுவன மஞ்சள், மசெந்தா எனப்படும் ஊதாச்சிவப்பு, சயன் எனப்படும் நீலப்பச்சை ஆகிய மூன்று சாயப் படைகள் மாத்திரமே. வெள்ளி உலோகம், சாயமோ வெப்பத்தாலும் ஈரத்தாலும் ஒளியாலும் சிதையும் சேதனச் சேர்வை. கறுப்பு வெள்ளைப் படத்தின் நீண்ட ஆயுளும் வர்ணப் படத்தின் குறுகிய ஆயுளும் இவ்வொரு வேற்றுமையினின்றே தோன்றின.

மூன்று சாயங்களும் ஒருங்கே மங்குமாயின் படம் வெளிறுவதோடு அமையும். அவை அவ்வாறு மங்குவதில்லை. 1970களின் வர்ணத் தாள்கள் பலவற்றில் சயன் சாயம் இருளிலும் சிதையும் இயல்பினதாய் இருந்தது. பெட்டியிற் பூட்டி வைத்த படமும் சிவந்தமை இதனாலேயாம். சுவரிற் தொங்கிய படத்தில் ஒளியினால் மசெந்தாவே முந்தி அழிதல் உண்டு. 1942இல் அறிமுகமான கொடாக்கலர் முறையின் ஆரம்ப கால அச்சுக்களோ மஞ்சட் கறை ஏறிப் பாழாயின. ஹென்றி வில்ஹெல்ம் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1993இல் வெளியிட்ட பெருநூலில் இவ்வேறுபாடுகளைத் தாள் தாளாக ஆராய்ந்து காட்டினார். வாங்குவோர் தாளின் ஆயுளை வினவும் வழக்கம் வலுப்பெற அந்நூல் பெரிதும் உதவிற்று. வெப்பம் மிகுந்தோறும் சிதைவு விரையும் என்பது இரசாயனத்தின் பொது விதி. ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறத்தாழ 28 பாகை செல்சியசாக உள்ள யாழ்ப்பாணத்தில், குளிர்நாட்டு வீட்டைக் கருதிக் கணித்த ஆயுளை அவ்வாறே எதிர்பார்த்தல் தகாது.

இனித் தெரிவுக்கு வருவோம். முதலில் மூலம் யாதென நோக்குதல் வேண்டும். நெகற்றிவ் எனப்படும் எதிருருவிலிருந்து அச்சிடுவதற்குரிய தாள் வேறு. ஸ்லைட்டு எனப்படும் நேருருவிலிருந்து அச்சிடுவதற்குரிய தாள் வேறு. பிற்கூறியவற்றுட் புகழ்பெற்றது 1963இல் வெளிவந்த சிபாகுரோம். பின்னர் இல்போகுரோம் எனப் பெயர் பெற்றது. அதன் சாயங்கள் தாளிலே முன்னரே இட்டு வைக்கப்பட்டவை. வேண்டாத இடத்தில் அவற்றை அழித்தே படம் பெறப்பட்டது. இருளில் நிலைபெறுவதில் அதற்கு நிகரான தாள்கள் மிகச் சில. அதன் உற்பத்தி நின்றுவிட்டமையால், இன்று இருட்டறையில் அச்சிடுவார்க்கு எஞ்சுவது பெரும்பாலும் ஆர்ஏ-4 என்னும் முறைக்குரிய எதிருருத் தாளே.

அடுத்து நோக்கத்தக்கது ஒளிநிழல் வேற்றுமை. கறுப்பு வெள்ளைத் தாளில் மென்மை முதல் வன்மை வரை இலக்கமிட்ட தரங்கள் உண்டு. வர்ணத் தாளில் அவ்வாறில்லை. ஒவ்வொரு தாளும் தனக்கென ஓரளவுடன் வரும். கொடக் நிறுவனம் எண்டூரா வரிசையில் போட்ரா, சுப்ரா, அல்ட்ரா என மூவகைத் தாள்களை ஒரு காலத்தில் விற்றது. முன்னது முகப் படத்துக்குரிய மென்மையுடையது; பின்னது நிறச் செறிவு மிக்கது. சித்திரை வருடப் பிறப்பன்று மானிப்பாய் மருதடி விநாயகர் தேர் வீதி வலம் வருங்கால் உச்சி வெயிலில் எடுத்த படமொன்றைக் கொள்க. வெயில் தானே வன்மையான நிழலைத் தந்திருக்கின்றது. அதனைச் செறிவு மிக்க தாளில் அச்சிட்டால் தேர்ச்சீலையின் சிவப்பு மிளிரும். ஆனால் வடம் பிடிப்போரின் முகங்கள் கருமையில் மறைந்து போகும். மங்கிய வானத்தின்கீழ் எடுத்த படத்துக்கே செறிந்த தாள் ஏற்றது. கடையில் தொங்கும் மாதிரிப் படத்தைக் கண்டு தாள் வாங்குவோர் இதனை மறந்துவிடுகின்றனர். அம்மாதிரி அத்தாளுக்கென்றே எடுக்கப்பட்ட படமாதல் கூடும்!

தாளின் மேற்பரப்புப் பற்றி நீண்ட விவாதம் வேண்டியதில்லை. பளபளப்பான பரப்பு ஆழ்ந்த கருமை தரும், விரலடையாளமும் கொள்ளும். எம்முடைய ஈரக் காற்றில் அதற்கு வேறொரு கேடும் உண்டு: சட்டகத்தின் கண்ணாடியோடு நேரே ஒட்ட வைத்தால், பூச்சிலுள்ள செலற்றின் இளகிக் கண்ணாடியிற் பற்றிக்கொள்ளும்; பிரிக்கப் புகுந்தால் படம் உரியும். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே தடித்த அட்டை விளிம்பிட்டு இடைவெளி விடுதல் இன்றியமையாதது.

ஒரே பெயருடைய தாளாயினும் பெட்டிக்குப் பெட்டி நிறச்சாயல் சிறிது மாறும். ஆதலின் புதுப் பெட்டி திறந்தபோதெல்லாம் சிறு துண்டொன்றில் பரீட்சித்தல் முறை. சோதனைத் துண்டு ஊதாச்சிவப்பாய்த் தோன்றினால் அதே ஊதாச்சிவப்பு வடிகட்டியைக் கூட்டுதல் வேண்டும் என்பது புதியோர்க்குத் தலைகீழாகத் தோன்றும். அவ்வடிகட்டி பச்சை ஒளியைத் தடுக்கும்; பச்சை ஒளி குறையவே அதனால் விளையும் மசெந்தாச் சாயமும் குறையும் என்பதை உணர்ந்தால் மயக்கம் தீரும்.

இதற்கும் முந்தியது தாள் எவ்வாறு இருந்தது என்னும் கேள்வி. அச்சிடாத வர்ணத் தாளும் வெப்பத்திற் கெடும். குளிர்ப்பெட்டியில் வைத்து, பயன்படுத்துமுன் சில மணி நேரம் மூடியபடியே வெளியில் வைத்தல் வேண்டும். உடனே திறந்தால் தாளில் நீர்த்துளி படியும். கழித்து விற்கப்படும் பழந்தாள் மலிவாயினும் வெள்ளை மஞ்சளாய் வரும். பாதுகாக்க வேண்டிய படத்துக்கு அது உதவாது. விந்தையென்னவெனில், தாளைக் கெடுக்கும் அதே வெப்பம் அச்சிடுவார்க்குத் துணையும் ஆகின்றது. ஆர்ஏ-4 திரவத்தின் வெப்பநிலை 35 பாகை. எம் அறை அதற்கு அண்மையிலேயே உள்ளது. கறுப்பு வெள்ளை முறைக்குரிய 20 பாகை நீரோ யாழ்ப்பாணத்துக் கிணறு எதிலும் கிடையாது.

தாளின் ஆயுள் ஏனைய இடங்களிலும் பார்க்க இங்கு முதன்மை பெறுதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஊர் விட்டுப் பெயர்ந்தபோது கையில் எடுத்தவை சிலவே. படங்களைக் கொண்டு சென்றோரும் எதிருருக்களைக் கொண்டு செல்லவில்லை. அவை படப்பிடிப்பு நிலையங்களிலோ அலுமாரிகளிலோ எஞ்சி அழிந்தன. எதிருரு இருக்குமாயின் மங்கிய படத்தை மீண்டும் அச்சிடலாம். அஃது இல்லாத குடும்பத்துக்கு அத்தாளே மூலம். பெற்றோரின் முகத்துக்கு வேறு சான்று இல்லை. ஆதலின் வர்ணத்தில் அச்சிடுவோர் முதன்மையான படங்களை மாத்திரமேனும் கறுப்பு வெள்ளைத் தாளிலும் ஒரு பிரதி எடுத்து, ஐப்போ உப்பு நீங்கும்வரை ஓடும் நீரில் நன்கு கழுவி, வேறோர் உறவினர் வீட்டில் வைத்தல் நன்று.

ஏற்கனவே சிவந்துவிட்ட படமும் முற்றாக இழக்கப்பட்டதன்று. சயன் அழிந்த இடத்திலும் மசெந்தாப் படை பெரும்பாலும் உருவத்தைத் தாங்கி நிற்கும். மசெந்தா பச்சை ஒளியை உறிஞ்சும் இயல்பினது. ஆகவே அத்தகைய படத்தைப் பச்சை வடிகட்டியூடாக, எல்லா நிறங்களையும் உணரும் கறுப்பு வெள்ளைச் சுருளிற் பிரதி செய்தால், கண்ணுக்குச் செம்மங்கலாய்த் தோன்றிய முகம் சுருளில் தெளிவாகப் பதியும். அச்சுருளிலிருந்து கறுப்பு வெள்ளைத் தாளில் அச்சிட்டு எடுப்பது வெள்ளிப் படமாகும்.